வானத்தின் மீது பழி போடாதீர்!

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்தது என்பதைவிட, வந்து உட்கார்ந்துகொண்டது என்பதே பொருந்தும். கரையேறிய புயல் பல மணி நேரம் நகராமல் நம் தலைக்கு மேலேயே நின்றது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. புதுவையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 130 சென்டிமீட்டர்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில் கொட்டித் தீர்ந்தது. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை மீட்க ராணுவம் இறங்க வேண்டியிருந்தது. நகரம் மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டு, பாகூர் வட்டாரக் கிராமங்களும் கடலூரும் மூழ்கின.

ரேஷன் அட்டைக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. வாங்கியவர்களுக்கு அது உதவியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கிடங்கில் தண்ணீர் புகுந்து துணி பேல்களும் மளிகை மூட்டைகளும் ஊறிப்போன வியாபாரிக்கு ஐயாயிரம் எந்த மூலைக்கு? கேட்டால் எல்லா மட்டத்திலிருந்தும் ஒரே பதில்: "இயற்கைச் சீற்றம். பருவநிலை மாற்றம். யார் என்ன செய்ய முடியும்?"

இந்தப் பதிலைத்தான் நாம் இங்கே உரசிப் பார்க்க விரும்புகிறோம். பருவநிலை மாற்றம் பொய் என்று நாம் சொல்லவில்லை. அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் உண்மையையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு கடமையிலிருந்து தப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண வேண்டுமானால் வானத்தில் என்ன நடக்கிறது, மண்ணில் என்ன நடக்கிறது என்று நம் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விஞ்ஞானப் பாடம் பரீட்சையோடு முடிந்துவிடுகிற விஷயமல்ல.

வியாபாரிகளுக்குப் புரிகிற மொழியில் சொல்வோம். இந்தப் பூமி இரண்டு பேரேடுகளை வைத்திருக்கிறது. ஒன்று தண்ணீர்க் கணக்கு, மற்றது கரிக் கணக்கு. கடலிலிருந்து நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, ஏரியிலும் மண்ணிலும் தங்கி, ஆற்றின் வழியே மறுபடி கடலுக்குப் போகிறது. அதேபோல் காற்றிலுள்ள கரியமில வாயுவை இலைகள் வாங்கி மரமாக, பயிராக மாற்றுகின்றன. அந்த மரம் மட்கும்போதும் எரியும்போதும், பயிரை உண்ட உயிர்கள் மூச்சு விடும்போதும் கரி மறுபடி காற்றுக்கே திரும்புகிறது. கடலும் ஒரு பக்கம் வாங்கி ஒரு பக்கம் கொடுக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக வரவும் செலவும் ஏறக்குறைய நேர் செய்யப்பட்டு வந்த கணக்கு இது. இரண்டு பேரேடும் தனித்தனி அல்ல. இலையின் சிறு துளை கரியை வாங்கத் திறக்கும்போதே அதன் வழியாகத்தான் நீர் ஆவியாக வெளியேறுகிறது. ஒன்றில் கை வைத்தால் மற்றதில் பற்று விழும்.

கை வைத்தது யார்? பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்கு அடியில் புதைந்து, புழக்கத்திலேயே இல்லாமல் கிடந்த கரியை நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் தோண்டி எடுத்து, சுமார் 200 ஆண்டுகளுக்குள் மனிதன் எரித்துவிட்டான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியிடுவதில் ஏறக்குறையப் பாதியைக் கடலும் காடும் மண்ணும் விழுங்கிக்கொள்கின்றன. மீதிப் பாதி காற்றிலேயே தங்கிவிடுகிறது. விழுங்கிய கடலும் சும்மா இல்லை, அதன் நீரில் புளிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது.

சரி, கரி கூடினால் மழை ஏன் கூட வேண்டும்? இங்கேதான் பலருக்குக் குழப்பம். காற்றிலுள்ள நீராவியும் வெப்பத்தைப் பிடித்து வைக்கக் கூடியதுதான். ஆனால் நீராவி காற்றில் தங்குவது பத்து நாள் போல. அதிகமானால் மழையாக இறங்கிவிடும். கரியமில வாயு அப்படி இறங்குவதில்லை, அதில் கணிசமான பங்கு நூற்றாண்டுகள் தங்கும். எனவே முதலில் சூட்டை ஏற்றுவது கரி. சூடு ஏறினால் காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும், ஒரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கு ஏறக்குறைய 7 சதவீதம். அந்தக் கூடுதல் நீராவி மேலும் சூட்டை ஏற்றும். வட்டிக்கு வட்டி போல! உலகச் சராசரி வெப்பம் ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. வங்கக் கடலும் சூடேறியிருக்கிறது. அந்தக் கடலின் மேல் உருவாகும் புயல், கூடுதலாக நீரைச் சுமந்து வந்து, ஓரிடத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். எந்த ஒரு புயலையும் முழுக்கக் கரியின் கணக்கில் எழுதிவிட முடியாது. புயல்கள் முன்பும் வந்தன. ஆனால் வருகிற புயலின் மழைச் சுமை ஏறிக்கொண்டே போகிறது.

வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். 2024 ஏப்ரல் 16ஆம் தேதியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலைவன நாடான அமீரகத்தில் அல் ஐன் அருகே ஓரிடத்தில் ஒரு நாளைக்குள் 25 சென்டிமீட்டர் மழை பதிவானது. துபாய் விமான நிலையத்தின் ஓடுபாதை குளமானது. மேகத்தில் மருந்து தூவியதால் வந்த வினை என்று ஒரு வதந்தி உடனே கிளம்பி ஊரெல்லாம் ஓடியது. அவ்வளவு பெரிய மழையை எந்த மருந்தும் வரவழைக்க முடியாது என்று வானிலை நிபுணர்கள் விளக்கினார்கள். வதந்திக்கு இருக்கும் கால்கள் விளக்கத்துக்கு இல்லை. பணமும் பொறியாளர்களும் கொட்டிக் கிடக்கும் நகரத்துக்கே அந்த நிலை. 2022இல் பாகிஸ்தானில் 1,700க்கும் மேற்பட்டவர்கள் வெள்ளத்தில் மாண்டார்கள். உலகம் வெளியிடும் கரியில் ஒரு சதவீதம்கூட அந்த நாட்டின் பங்கு இல்லை.

கடன் வாங்கியவன் ஒருவன், வட்டி கட்டுகிறவன் வேறொருவன். தொழிற்புரட்சி முதல் இன்றுவரை காற்றில் சேர்க்கப்பட்ட கரியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றின் கணக்கு. ஃபெஞ்சல் கரையேறுவதற்குச் சரியாக ஒரு வாரம்கூட ஆகாத முன்புதான், அஜர்பைஜானின் பாகு நகரில் ஐ.நா. பருவநிலை மாநாடு முடிந்தது. வளரும் நாடுகளுக்கு 2035ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற தொகையைப் பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்டன. கேட்கப்பட்டதோ ஒரு லட்சம் கோடி டாலருக்கும் மேல். தொகை போதாது என்று இந்தியப் பிரதிநிதி மாநாட்டு மேடையிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தார். அந்த எதிர்ப்பு நியாயமானது. உலக அரங்கில் நம் நாடு இந்தக் கணக்கை விடாமல் கேட்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பே இல்லை.

ஆனால் உலக அரங்கில் கடன்காரனைத் தேடுகிற ஆட்சியாளர்கள், உள்ளூர்ப் பேரேட்டைத் திறந்து காட்டத் தயாரா?

நவம்பர் 30 அன்று பெய்த மழையை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஒன்றில் மட்டும் அன்று விழுந்த தண்ணீர் சுமார் 42,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் மூன்றரை லாரித் தண்ணீர். நம் மாடிகளிலிருந்து அது எங்கே போனது? தெருவுக்கு. தெருவிலிருந்து சாக்கடைக்கு. சாக்கடையிலிருந்து பெரிய வாய்க்காலுக்கும் உப்பாறு வாய்க்காலுக்கும். போக வழியில்லாதபோது நம் கடைக்கும் வீட்டுக்கும் திரும்பி வந்தது. மிச்சம் கடலுக்குப் போனது. பிறகு சித்திரையில் அதே வீட்டுக்காரர் குடிநீர்க் கேன் விலைக்கு வாங்குகிறார்!

புதுவை நகரம் குடிப்பது ஆற்று நீர் அல்ல, அணை நீர் அல்ல. நிலத்தடி நீர். இந்த ஊரின் வரலாறே அதைத்தான் சொல்கிறது. பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபத்தைப் பார்க்காத புதுவைக்காரர் உண்டா? முத்திரைப்பாளையத்து ஊற்று நீரை நகரத்துக்குக் கொண்டுவந்ததன் நினைவாகப் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது அது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டித் தந்த ஆயி என்ற பெண்மணியின் பெயரில் அந்தக் கதை வழங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தில் ஆழத் துளையிட்டபோது, இறைக்காமலே நீர் தானாக மேலெழுந்து பொங்கிய கிணறுகள் உண்டு. பூமிக்கடியில் அவ்வளவு அழுத்தத்தோடு நின்றது தண்ணீர். இன்று அதே ஊரில் நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே மோட்டாரை இறக்கி உறிஞ்சுகிறோம்.

உறிஞ்சினால் என்ன, மழை பெய்தால் நிரம்பிவிடாதா என்று கேட்கலாம். கடலோர ஊருக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. நன்னீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது. அதனால் கடலோர மண்ணுக்கடியில் உப்பு நீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. நிலத்தடி நீர் கடல் மட்டத்தைவிட ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், அடியில் ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு உப்பு நீரைத் தள்ளி வைக்கும் என்பது பாடநூல் கணக்கு. இதையே திருப்பிப் படியுங்கள். மேலே ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உப்பு 40 மீட்டர் ஏறி வரலாம். ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்காது. கடல் மட்டமும் உயர்ந்துவரும் காலம் இது. வியாபாரத்தில் லாபத்தைச் செலவழிப்பவன் பிழைப்பான். முதலை எடுத்துத் தின்பவன்? கடலோரத் தெருக்களில் உப்புக் கரிக்கும் கிணறுகள் நாம் முதலைத் தின்றதற்குச் சாட்சி.

கரிக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் ஒரே இடத்தில் எப்படிச் சந்திக்கின்றன என்று பார்க்க நெடுந்தூரம் போக வேண்டாம். நெய்வேலி போதும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்று நீரோடு கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து தொடங்கியது அந்தக் கதை. 1956இல் நிறுவனம் பிறந்தது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்று நீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும். கடலூர் மணற்கல் எனப்படும் அந்த நீர் தாங்கும் அடுக்கு புதுவை வட்டாரம் வரை நீள்கிறது. பூமிக்கடியிலிருந்து ஒரே குழியில் கரியும் நீரும் மேலே வருகின்றன. கரி காற்றுக்குப் போகிறது. நீரில் ஒரு பகுதி மின் நிலையத்துக்கும் வயலுக்கும் பயன்படுகிறது, மீதி ஓடிப்போகிறது. அந்த மின்சாரத்தில் நமக்கும் பங்கு உண்டு. நம் கடைகளின் விளக்கு அதில்தான் எரிகிறது. ஆகவே நெய்வேலியைத் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. ஆனால் இறைத்து வீணாகும் நீரை மறுபடி மண்ணுக்குள் இறக்க என்ன செய்யப்படுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இனி ஏரிகளுக்கு வருவோம். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் புதுவை வட்டாரத்தின் இரண்டு பெரிய வங்கிகள். தென்பெண்ணையின் நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. ஓர் ஏரி நிரம்பினால் வெள்ளம் அங்கே தங்குகிறது. தங்கிய நீர் கீழே இறங்கிக் கிணறுகளை நிரப்புகிறது. ஏரி வண்டல் கரியையும் பிடித்து வைக்கிறது. ஒரே ஏரி மூன்று வேலை. தேங்காய்த்திட்டிலும் அரியாங்குப்பம் ஆற்று முகத்திலும் உள்ள அலையாத்திக் காடும் அப்படித்தான். அதன் சேற்றில் புதைந்த கரி எளிதில் காற்றுக்குத் திரும்பாது. இவற்றை ஆக்கிரமித்து, குப்பை கொட்டி, மண் மூடி மனை போட்டால், வெள்ளத்துக்கு வீடு கொடுத்தவன் தெருவில் நிற்பான். நகருக்குள் கனகன் ஏரியும் வேல்ராம்பட்டு ஏரியும் எவ்வளவு இருந்தன, இப்போது எவ்வளவு இருக்கின்றன என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அரசாங்கத்துக்கு வழி தெரியாது என்று சொல்ல முடியாது. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு புதுவை வட்டாரத்தின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. ஏரியைப் பயன்படுத்தும் மக்களின் சங்கங்களையே பொறுப்பில் வைத்துச் செய்யப்பட்ட வேலை அது. நிதி நின்றதும் சங்கங்களின் கையும் தளர்ந்தது. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2002இலேயே சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, ஆணையம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகளும் இருக்கின்றன, பெருகிக்கொண்டு!

இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லியாக வேண்டும். புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் இல்லை. 2024 வெள்ளத்தில் வாய்க்காலை ஏன் தூர் வாரவில்லை என்று சட்டையைப் பிடித்துக் கேட்க, தெருவுக்கு ஒரு கவுன்சிலர் இல்லை. அதிகாரி மாறிப் போவார், தெரு மாறிப் போகாது. மழைநீர் வடிகால் என்பது பொறியாளரின் வேலை மட்டுமல்ல, ஓட்டுக் கேட்டு வருகிறவரின் வேலையும்கூட என்பதை நம் இளைஞர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சென்னையைப் பார்த்தாவது பாடம் கற்றிருக்கலாம். 2015 டிசம்பரில் அந்த நகரம் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதே நகரம், அதே மக்கள். வீடுதோறும் மழைநீர் சேகரிப்பை 2003இல் தமிழ்நாடு கட்டாயமாக்கியபோது ஓரிரு ஆண்டுகள் கிணறுகளில் நீர் ஏறியது. பிறகு குழாய்கள் பெயருக்கு நின்றன, குழிகள் தூர்ந்தன. பராமரிக்காத தொட்டி சுவரில் மாட்டிய காலண்டர் போல, தேதியைக் காட்டும், வேலை செய்யாது.

அரசை மட்டும் கேட்டுவிட்டு நம்மவர்களைக் கேட்காமல் விட்டால் இந்தத் தலையங்கத்துக்கு நியாயம் இல்லை. மழை வடிந்த மறுநாள் நேரு வீதியை ஒட்டிய கால்வாய்களில் அள்ளிப் போட்ட குவியலில் இருந்தது என்ன? பிளாஸ்டிக் பை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குப் புதுவையில் 2019இல் தடை வந்தது. அந்தப் பையை எந்தப் புயல் கொண்டுவந்தது? நம் கடை மேசைக்கு அடியிலிருந்துதான் போனது. பை கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்கிற கவலை நமக்குத் தெரியும். அந்தக் கவலைக்கு மருந்து, ஒரு தெருவின் வியாபாரிகள் அனைவரும் ஒரே நாளில் நிறுத்துவதுதான். விலையில் ஒன்றுபட முடிகிற சங்கங்கள் இதில் ஒன்றுபட முடியாதா?

பள்ளிவாசல்களின் மொட்டை மாடிகள் ஊரில் பரப்பளவு மிகுந்தவை. ஐயாயிரம் சதுர அடி மாடி ஒன்றுக்கு ஆண்டில் ஆறு லட்சம் லிட்டர் மழை கிடைக்கிறது. அதை வடிகட்டிப் பழைய கிணற்றுக்குள் இறக்க ஆகும் செலவு, ஒரு விழா மேடை அலங்காரச் செலவுக்குள் அடங்கும். ஐந்து நேரமும் ஒளுச் செய்த தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகிறது. சோப்பும் எண்ணெயும் கலக்காத நீர் அது. மணலும் கூழாங்கல்லும் போட்ட ஒரு குழி வழியாகத் தோட்டத்துக்கு விடலாம். பழைய பள்ளிகளில் ஹவுளும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவற்றை மூடித்தான் குழாய் போட்டோம். ஜமாஅத் நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசட்டும். காஜி வீதியிலும் முல்லா வீதியிலும் வில்லியனூர் சுல்தான்பேட்டையிலும் உள்ள இளைஞர்கள், தெருவுக்கு எத்தனை கிணறு, எது இனிப்பு, எது உப்பு, எது மூடப்பட்டது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கட்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து எழுதினால் போதும். அதிகாரியிடம் பேசப் போகும்போது கையில் கணக்கு இருக்கும்.

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது சில காரியங்கள். புதுவை வட்டாரத்து ஏரிகள், வாய்க்கால்கள் அத்தனையின் எல்லையும் அளக்கப்பட்டு, வரைபடம் அந்தந்த ஊர் மக்கள் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்றுவதென்றால் குடிசையில் தொடங்கிக் குடிசையிலேயே முடித்துவிடக் கூடாது. ஏரிக்குள் எழுந்த கட்டடம் யாருடையது என்று பார்க்காமல் கை வைக்க வேண்டும். குடிசைவாசிக்கு மாற்று இடம் கொடுத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். சாத்தனூரிலும் வீடூரிலும் நீர் திறக்கும் முன் தமிழக அதிகாரிகளும் புதுவை அதிகாரிகளும் பேசிக்கொள்வது சம்பிரதாயமாக இல்லாமல், பாகூர் விவசாயியின் கைபேசிக்கு நேரத்தோடு தகவல் வரும் ஏற்பாடாக வேண்டும். வெள்ளத்தில் சரக்கு இழந்த சிறு வியாபாரிகளின் கணக்கைத் தனியாக எடுக்க வேண்டும். பெரிய வாய்க்காலையும் உப்பாறு வாய்க்காலையும் தூர் வாரிய தேதி, அள்ளிய மண்ணின் அளவு, ஒப்பந்ததாரர் பெயர், கொடுத்த தொகை இவை நான்கும் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறக்கும் முன் நகராட்சி வாசலில் பலகையில் எழுதி வைக்கப்பட வேண்டும்.